என் கணையத்துக்குச் சுண்ணாம்பு அடித்த வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை என்பது எஸ்டேட்டுக்குப் பெரிய தொரை வருவது மாதிரி என்றுதான் ஐம்பது வயது தாண்டியும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தொரை வருகிறார் என்றால் முதல் நாளே தொழிலாளர் லயத்துக் கால்வாயில் சுண்ணாம்பு தெளிப்பார்கள். கோழிகளைக் கூடையில் கவிழ்ப்பார்கள். மூக்கொழுகும் பிள்ளைகளைப் பின்பக்கமாக ஓட்டிவிடுவார்கள். மூக்கொழுகும் பிள்ளை நான்தான் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொரை காரை விட்டு இறங்கி, ஒரு தடவை சுற்றிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார். கார் மெயின் ரோட்டில் ஏறியதும் கோழிகள் வெளியே வரும், நானும் வருவேன், கால்வாய் பழையபடி நாற ஆரம்பிக்கும். எல்லாருக்கும் திருப்தி.

ரத்தமும் அப்படித்தான் என்று நினைத்தேன். டாக்டர் பார்க்கிற அன்றைக்குச் சுத்தமாக இருந்தால் போதும். அதற்கு முந்தின வாரம் வாயைக் கட்டினால் ரத்தத்தில் இருக்கிற சீனியெல்லாம் வெட்கப்பட்டு வெளியேறிவிடும்.

இதை நான் மட்டும் நம்பவில்லை. எங்கள் குடும்பமே நம்பியது. ‘கிளினிக் விரதம்’ என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. கிளினிக்குத் தேதி கொடுத்துவிட்டால் அதற்கு முந்தின சில நாட்கள் சோறு கிடையாது, பால் டீயான தே தாரேக் கிடையாது. பாகற்காய்ச் சாறு, அவித்த முட்டை, பாலும் சீனியும் இல்லாத தே ஓ. கிளினிக்கிலிருந்து திரும்புகிற வழியிலேயே விரதம் முடியும். பெரும்பாலும் முதல் ரொட்டி சானாய்க் கடையில்.

இந்த விரதத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் என் அண்ணன். பீடோருக்குப் பக்கத்தில், எங்கள் பழைய ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்துக்கு எதிரேயுள்ள மலிவு விலை வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை. அண்ணன் லாரி ஓட்டினார், இப்போது ஓட்டுவதில்லை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து வருடக்கணக்காகிறது. விரல் நுனியில் குத்திப் பார்க்கிற பரிசோதனையில் மட்டும் அவர் எப்போதும் பாஸ். பிறகு ஒரு நாள், மூன்று மாதத்துச் சீனியைச் சேர்த்துக் காட்டுகிற பரிசோதனை ஒன்று வந்தது. அதில் மாட்டிக்கொண்டார்.

“அது டெஸ்டு இல்லடா, ஸ்பை” என்பார் அண்ணன். “நான் தீபாவளிக்குத் தின்ன முறுக்கெல்லாம் அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

மாட்டிக்கொண்ட பிறகும் அவர் விரதத்தை விடவில்லை. போன வருடம் வலது காலில் பெருவிரலை எடுத்தார்கள். அவருடைய செருப்பில் இப்போது கூடுதலாக ஒரு வார் தைத்திருக்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் நான் ஏதாவது ஜோக் அடிப்பேன். அடிக்காவிட்டால் என் காலைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு இருந்தது. அத்தைக்கு இருந்தது. அண்ணனுக்கு இருக்கிறது. அடுத்த நாற்காலி யாருக்கு என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் நான் அதுவரை எந்த டாக்டரிடமும் போய் உட்கார்ந்ததில்லை.

என்னை உட்கார வைத்தவள் என் மனைவி. ஈப்போவில் நாங்கள் வழக்கமாகப் போகிற கோயிலின் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம். அன்னதானத்துக்குப் போகிற வழியில் மேசையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். சாம்பார் வாசனையைத் தொடர்ந்து போனவர்கள் யாரும் தப்பமுடியாது. ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் இனிப்புநீர் இருக்க வேண்டும், ஆனால் அந்த ஆளுக்கு இன்னும் வந்திருக்கக் கூடாது.

“மிஸ்ஸி, இவருக்கு அப்பா வழியில இருக்கு, அத்தைக்கு இருக்கு, கூடப் பொறந்த அண்ணனுக்கு இருக்கு” என்று மனைவி என்னை முன்னால் தள்ளினாள். மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது சொத்து விவரம் சொல்வார்களே, அந்தக் குரல். “வயிறையும் பாருங்க. நல்லா இருக்கு.”

மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற தாதிக்கு முகம் மலர்ந்தது. நம்ம தமிழ்ப் பெண்தான், துறுதுறுப்பானவள். “இந்த மாதிரி ஆளைத்தாண்ணே தேடுறோம்” என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைத் தகுதியானவன் என்று சொன்னார். பள்ளிக்கூடத்திலும் சொன்னதில்லை, ஜெலாப்பாங்கில் நான் சூப்பர்வைசராக இருக்கிற பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையிலும் சொன்னதில்லை.

என்ன செய்வார்கள் என்று விளக்கினாள். வெறும் வயிற்றில் வரவேண்டும். ஒரு கிளாஸ் சீனித் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் பல தடவை ரத்தம் எடுப்பார்கள்.

“உங்க உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்குதுன்னு பாப்போம். சுரந்த இன்சுலின் சொல்றத உடம்பு கேக்குதா, கேக்காம அடம் புடிக்குதான்னும் பாப்போம்.”

“எங்க வீட்டுல நான் சொல்றதயே யாரும் கேக்குறதில்ல மிஸ்ஸி.”

“அதுக்கு எங்ககிட்ட டெஸ்ட் இல்லண்ணே.”

“இன்னொண்ணு. எனக்கு இன்சுலின் கிடையாது லா. எங்க அண்ணன்தான் வச்சிருக்காரு, ஐஸ்பெட்டியில, சம்பால் டப்பாவுக்குப் பக்கத்துல.”

அவள் ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தாள். நான் ஜோக் அடிக்கிறேனா என்று யோசித்திருப்பாள். அடிக்கவில்லை. இன்சுலின் என்றால் ஊசியில் வருகிற மருந்து, அது உள்ளே போய்விட்டால் கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“அது எல்லார் உடம்புலயும் இருக்குண்ணே. வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு, அது சுரக்குது. இல்லாட்டி நீங்க இப்புடி நின்னு பேசமாட்டீங்க.”

எனக்கு அதிர்ச்சியாகப் போய்விட்டது. இத்தனை வருடமாக எனக்குள் ஒருத்தன் மாடாக உழைத்துக்கொண்டிருக்கிறான், நான் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

தேதி கொடுத்தார்கள். அதற்கு முந்தின வாரம் தாதி போனில் கூப்பிட்டாள். “அண்ணே, ஞாபகம் வச்சுக்குங்க. முன்ன மூணு நாளும் சோறெல்லாம் வழக்கம்போல சாப்பிடுங்க. கொறைக்காதீங்க. முதநாள் ராத்திரிக்கு அப்பறம்தான் ஒண்ணும் சாப்பிடக் கூடாது.”

“சரி மிஸ்ஸி” என்றேன். போனை வைத்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“சோறு தின்னுட்டு வரச் சொல்றாங்கண்ணே.”

 அண்ணன், அனுபவஸ்தரின் குரலில் சொன்னார்: “பொறி வைக்கிறாங்கடா. நம்பாத.”

“அப்புடியா சொல்றீங்க?”

“தொரை என்னைக்காச்சும் குப்பைய அப்புடியே வைங்க, நான் பாக்கணும்னு சொல்லிருக்கானா? சொன்னாலும் நம்ம வைப்போமா? சோத்த நிப்பாட்டு. பாவக்காய அரைச்சுக் குடி. ரொட்டியத் தொடாத. போறப்ப மூஞ்சிய மட்டும் சோறு தின்னவன் மாதிரி வச்சுக்க.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இதில் நான் என்ன யோசித்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் எனக்கு எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று தெரிந்துகொள்ள வரச் சொன்னார்கள். நான் அவர்களை ஏமாற்றிப் பாஸாகப் போகிறேன். பாஸானால் என் கால்விரல் என்னிடமே இருக்கும். இதுதான் என் கணக்கு.

அந்த வாரம் முழுக்க விரதம். காலையில் பாகற்காய்ச் சாறு, பகலில் அவித்த முட்டை, மாலையில் சீனி போடாத தே ஓ கோசோங். தொழிற்சாலைக் கேன்டீனில் எனக்கு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு கட்டி வைத்திருந்த அக்கா, நான் வேண்டாம் என்றதும் சண்டை போட்டாள். “யாருகூட கோவம் அண்ணே? என்கூடயா?” இரண்டாவது நாள் தலை கிறுகிறுத்தது. நான்காவது நாள் வாளி மோல்டிலிருந்து ஒரு மஞ்சள் வாளி வந்து விழுந்தபோது அதில் பாயசம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அவள் சொல்லாமல் இருந்தால் பிறகு மொத்தமாகச் சொல்வாள் என்று அர்த்தம்.

பரிசோதனை நாள். தாதி என்னை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் ஊசிக்குழாய் ஒன்றைச் செருகினாள். “ஒவ்வொரு தடவையும் குத்தவேணாம், இதுலேருந்தே எடுத்துக்கலாம்” என்றாள். முதல் ரத்தம் எடுத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிளாஸ் கொடுத்தாள்.

“கடகடன்னு குடிச்சிருங்கண்ணே. சிலருக்குக் குமட்டும். மெதுவா மூச்சு விடுங்க.”

குமட்டலாவது! ஒரு வாரம் பாகற்காய் குடித்தவனுக்கு அது அமிர்தம். இரண்டே மடக்கில் முடித்து, கிளாஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் விரலால் வழித்தேன்.

“ரொம்ப நல்லாருக்கு மிஸ்ஸி. இன்னொண்ணு தாப்பாவ் பண்ணி வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?”

“இத்தன வருசத்துல இப்புடிக் கேட்ட மொத ஆளு நீங்கதாண்ணே” என்று அவள் சிரித்தாள். சந்தேகம் அப்போதே வந்திருக்க வேண்டும், பாவம், அவளுக்கு வரவில்லை. ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற டாக்டரம்மா வந்து, “அங்கிள், சாப்பாடெல்லாம் நார்மலா சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். யாழ்ப்பாணத்துப் பரம்பரை, ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் பாதி ஆங்கிலம். மீதிப் பாதியைக் கொஞ்சம் யோசித்து எடுப்பார்.

“வழக்கம்போலதான் டாக்டர்” என்றேன், சோறு தின்றவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அண்ணன் சொல்லிக் கொடுத்த முகம் அது. கண்ணாடியில் பார்த்துப் பழகியிருந்தேன்.

இரண்டு மணி நேரமும் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு சின்னக் குழாயும் நிறைகிறபோது நான் என் கணையத்தோடு பேசினேன். ‘மச்சான், மானத்தக் காப்பாத்து.’ கணையம் ஒன்றும் சொல்லவில்லை. பசியில் இருந்திருக்கும்.

மறுநாள் டாக்டரம்மா போன் செய்தார். நான் வாளிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

“அங்கிள், இன்சுலின் ரிசல்ட் வர லேட் ஆகும். ஆனா ரெண்டு மணி நேரத்து சீனி ஹையா இருக்கு. இனிப்புநீர் ரேஞ்சில இருக்கு. பயப்படாதீங்க. ஒரு தடவ பாத்து ஒண்ணும் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் திருப்பிச் செய்வோம். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க, என்ன? சோறெல்லாம் நல்லா சாப்பிட்டு வாங்க.”

இந்தப் பேச்சில் என் காதில் விழுந்தது இரண்டுதான். ஒன்று, இனிப்புநீர். இன்னொன்று, நல்லா சாப்பிடுங்க. தூக்குமேடைக்குப் போகிறவனிடம்தான் இப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு மருத்துவர் ஒரு நோயாளியிடம் சோறு நன்றாகச் சாப்பிடு என்கிறார் என்றால், அவன் இனி சாப்பிட்டாலும் ஒன்றுதான் சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான்.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து நான் மனிதனாக இல்லை. எழுந்ததும் கால்விரல்களை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க மனைவியின் கொண்டை ஊசியை எடுத்துப் பெருவிரலில் குத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. போச்சு, நரம்பு போய்விட்டது என்று நினைப்பதற்குள் பக்கத்தில் அலறல். போர்வைக்குள் எந்தக் கால் யாருடையது என்று நான் சரியாகப் பார்க்கவில்லை.

“ஒங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?”

“ஒனக்கு நரம்பு நல்லாருக்கு லா” என்றேன். அது உண்மையிலேயே நல்ல செய்திதான். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

குளியலறைக்குப் போனேன். கழிவறை ஓரத்தில் எறும்புகள். வரிசையாக, ஒழுங்காக, என்னை நோக்கி. சீனி இருக்கிறவன் சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.  “ம்மா, இங்க வந்து பாரு, எறும்பு வந்திருச்சு” என்று கூப்பிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையில் என் இறுதி ஊர்வலம் புறப்பட்டுவிட்டது. யார் முன்னால் நடப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

மனைவி நொண்டிக்கொண்டே வந்தாள். குனிந்து எறும்பு வரிசையைப் பார்த்தாள். வாளியைத் தள்ளினாள். பின்னால் ஒரு கரப்பான்பூச்சி செத்துக் கிடந்தது.

“அதுக்குத்தான் சீனி” என்றாள்.

நான் தேறவில்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் பீடோருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் வருத்தப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டார். கட்சியில் சேர்ந்த புது உறுப்பினரை வரவேற்கிற மாதிரி.

“இனி நீயும் நம்ம ஆளு. தனியா கிளினிக் போய்ப் போய் போரடிச்சுப் போச்சுடா. ஒரே நாள் தேதி வாங்கிக்குவோம். ஒரே காடியில போலாம்.”

“அண்ணே, எனக்கு பயமா இருக்கு.”

 அவர் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார். “எனக்கும்தான் இருந்துச்சு” என்றார். “அதான் பாக்காமயே இருந்தேன்.”

அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவராலும் தாங்க முடியவில்லை. அண்ணனே மாற்றினார்.

“டாக்டரே நல்லா சாப்பிடச் சொல்லிட்டாங்கன்னு சொன்னியே. அப்பறம் என்ன? மாத்திரை கையில வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவோம்.”

இப்படித்தான் என் பிரியாவிடைச் சுற்றுப்பயணம் தொடங்கியது. நான் சாப்பிடுவேன், அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஒப்பந்தம். பீடோரிலேயே வாத்து மீ, அதாவது வாத்துக்கறி நூடுல்ஸ். ஒரு கிண்ணம் முடித்துவிட்டு அதன் ஞாபகமாக இன்னொரு கிண்ணம். காம்பாருக்குப் போய், பெரிய ரொட்டியைப் பிளந்தால் உள்ளே கோழிக்கறி ஆவி பறக்குமே, அது. மறுநாள் ஈப்போவில் காலை நாசி லெமாக், லீவானாலும் கேன்டீனுக்குப் போய் அக்காவிடம் சமாதானம். பகல் வாழை இலைச் சோறு, மூன்று தடவை. மாலை தாவ் பூ ஃபா என்கிற சோயா இனிப்பு, கருப்புச் சீனிப்பாகு தளும்பத் தளும்ப. ஒவ்வொன்றையும் கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். வாத்து மீ கடைக்காரரிடம் கைகொடுத்து விடைபெற்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கூடுதலாகக் கொஞ்சம் சூப் ஊற்றினார்.

ஒப்பந்தப்படி அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ரொட்டியின் ஓரத்தை மட்டும் பிய்த்துக்கொண்டார். “இது கணக்குல வராது” என்றார்.

மூன்றாவது நாள் வீட்டில் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பூந்தி. மனைவி பரிமாறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். நான் பூந்தியின் மீது கண்ணீர் விட்டேன். “உப்புக் கூடிறப் போவுது” என்று தட்டை நகர்த்தினாள்.

இரண்டாவது பரிசோதனைக்கு அவளும் கூட வந்தாள். மொத்தமாகச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவள் நடையிலேயே தெரிந்தது.

டாக்டரம்மா முதலில் கேட்டார். “அங்கிள், ஒரு விசயம் எனக்கு விளங்கேல்ல. வெறும் வயிற்றுச் சீனி நல்லாருக்கு. ஆனா குடிச்ச பிறகு ஏறி அங்கேயே நிக்குது. இன்சுலின் ரிசல்ட்டும் வந்திட்டுது. சுரக்க வேண்டிய நேரத்தில லேட்டா, சோம்பேறித்தனமா வருது. போன தடவ உண்மையா நார்மலா சாப்பிட்டீங்களா?”

“நார்மல்தான் டாக்டர்” என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

“சோறே திங்கல டாக்டர்!” என்றாள் மனைவி. “ஒரு வாரம் முழுக்க ஒரு பருக்கை திங்கல. ரொட்டியத் தொடல. பாவக்காத் தண்ணியும் அவிச்ச முட்டையும்தான். இவரு அண்ணன் சொல்லிக் குடுத்தாரு, இவரு கேட்டாரு. டாக்டர் ஏமாறணுமாம்!”

தாதி கையிலிருந்த பஞ்சை அப்படியே வைத்துவிட்டாள். “நான் போன்ல தலைகீழா நின்னு சொன்னேனே அண்ணே!”

“நீங்க பொறி வைக்கிறீங்கன்னு நெனச்சேன் மிஸ்ஸி.”

“என்னத்துக்குப் பொறி? எலியா புடிக்கிறோம்?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை, தோள் குலுங்கியது. பிறகு தெளிவாக விளக்கினார். சோறும் ரொட்டியும் நாட்கணக்கில் உள்ளே வராவிட்டால் உடம்பு வேறு வழிக்குப் பழகிவிடும். கொழுப்பை எரித்துக்கொண்டு, உள்ளே வருகிற சீனியை எடுக்க மாட்டேன் என்று நிற்கும். கணையமும் இன்சுலினைச் சட்டென்று விடாது. அந்த நேரம் பார்த்து ஒரு கிளாஸ் சீனித் தண்ணீரை ஊற்றினால் சீனி ஏறிக்கொண்டே போகும். நன்றாக இருக்கிற ஆளுக்குக்கூட நோய் இருப்பது மாதிரிக் காட்டும். அதற்காகத்தான் முன்கூட்டியே சோறு சாப்பிடச் சொல்கிறார்கள்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. எங்கள் தொழிற்சாலையில் தீபாவளிக்கோ சீனப் பெருநாளுக்கோ மெஷின்களை அணைத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்து ஓட்டினால் முதலில் விழுகிற வாளிகளெல்லாம் கோணல். ஒன்றில் வாய் சப்பையாக இருக்கும், ஒன்றில் அடியில் ஓட்டை. மெஷின் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. சூடு ஏறட்டும் என்று காத்திருப்போம். நான் என் கணையத்தை ஒரு வாரம் அணைத்து வைத்துவிட்டு, முதல் கோணல் வாளியைப் பார்த்து ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

“சரி, இந்த முறை மூணு நாளும் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா. என்னைக் கேட்கவில்லை, மனைவியைக் கேட்டார்.

அவள் விரல் விட்டுச் சொன்னாள். வாத்து மீயில் ஆரம்பித்துப் பூந்தியில் முடிப்பதற்குள் இரண்டு கை விரல்களும் போதவில்லை. தாதிக்கு எச்சில் ஊறியது, நான் பார்த்தேன்.

“அளவு ரொம்ப ஓவர், அங்கிள்” என்றார் டாக்டரம்மா. “ஆனா டெஸ்டுக்கு இது போதும். இப்ப செய்யலாம்.”

மறுபடியும் ஊசிக்குழாய், மறுபடியும் ஆரஞ்சுத் தண்ணீர். இந்த முறை அது வாயில் ஒட்டியது, குமட்டியது. பாதியில் நிறுத்தி மூச்சு விட்டேன். தாதிக்குப் பரம திருப்தி. “இப்பதாண்ணே நீங்க நார்மல்” என்றாள்.

ரிசல்ட் வரும்வரை நான் அடித்த ஜோக்குகள் எதுவும் எடுபடவில்லை. மனைவி சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் அண்ணன் தினமும் மாலையில் கூப்பிட்டார். “வந்துச்சா?” என்பார். “இல்லண்ணே” என்பேன். “சரி” என்று வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து டாக்டரம்மா சொன்னார். இன்சுலின் நன்றாகவே சுரக்கிறது. சொல்லப்போனால் தேவைக்கு அதிகமாகச் சுரக்கிறது, ஏனென்றால் உடம்பு அது சொல்வதை ஒரே தடவையில் கேட்பதில்லை. முக்கியமாக என் வயிறு கேட்பதில்லை. இரண்டு மணி நேரத்துச் சீனி இனிப்புநீர் அளவுக்குப் போகவில்லை. ஆனால் முழுக்க நல்ல அளவிலும் இல்லை. நடுவில் நிற்கிறது. இப்படியே விட்டால் கணையம் ஒரு நாள் களைத்துப்போகும். எடையைக் குறைத்து நடந்தால் உடம்பு மறுபடி சொல்பேச்சுக் கேட்கும்.

“அப்ப இவருக்கு இல்லையா?” என்று மனைவி கேட்டாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக நான் அதுவரை கேட்டதில்லை.

“இப்ப இல்ல ஆன்ட்டி.”

காரில் ஏறியதும் அண்ணனைக் கூப்பிட்டேன். “இல்லையாம்ணே. வரக்கூடிய ஆளாம், ஆனா இன்னும் வரல.”

“அப்ப நம்ம கட்சியில நீ இல்லையா?”

“இல்லண்ணே.”

“போடா டேய், நல்லா இரு” என்றார். பிறகு, “எனக்கு நாளைக்கழிச்சு கிளினிக்கு. இன்னைக்குச் சோறு திங்கட்டுமா வேணாமா?” என்று கேட்டார்.

“தின்னுங்கண்ணே. எப்பவும் திங்கிற மாதிரி தின்னுங்க. டாக்டருக்குத் தெரியட்டும்.”

நடந்தது இவ்வளவுதான். முதல் பரிசோதனையில் என் சீனி ஏறியது, நான் சோறு சாப்பிடாமல் போனதால். இரண்டாவதில் சரியாகத் தெரிந்தது, சாப்பிட்டுப் போனதால். எனக்கு இனிப்புநீர் இல்லை, வரக்கூடும். அடுத்த வருடம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் வேலை முடிந்து நடக்கிறேன். வயிறு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அண்ணன் அந்த வாரம் விரதம் இல்லாமல் கிளினிக்குப் போனார். சீனி ஏகத்துக்கு இருந்தது. ஊசியின் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.